முன்பு, பின்பு

சந்திரலேகாவின் கீழுதட்டு ஓரத்தில் முதல் புள்ளி விழுந்தபோது, அவள் அம்மா பட்டம்மாள் அதைப் பற்பசை என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. பிளஸ் டூ பரீட்சை எழுதப் போகிற காலத்தில் அது உதட்டைச் சுற்றி வந்து, இடது கண்ணைச் சுற்றி இன்னொன்று கிளம்பி, முகத்தில் பாதி வெளுத்திருந்தது. புவனகிரியில் அவர்கள் தெருவில் யாரும் அதை வெண்புள்ளி என்று சொல்லவில்லை. குஷ்டம் என்று முடிகிற பேரைத்தான் சொன்னார்கள். ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன சேதி அந்தத் தெருவரைக்கும் வந்து சேரவே இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் அவளுக்குப் பந்தியின் கடைசியில் இலை போட்டார்கள். அவளுக்கு அடுத்த இலை கடைசிவரை காலியாகவே கிடந்தது.

படிப்பு முடிந்ததும், ஆள் முன்னால் உட்காராத வேலையாகப் பார் என்றார்கள். அப்படித்தான் சிதம்பரத்தில் ஒரு கல்யாண ஸ்டுடியோவின் உள்ளறைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆல்பத்துக்குப் போகும் முகங்களைச் சுத்தம் செய்கிற வேலை. பருவை எடுப்பது, அம்மைத் தழும்பை எடுப்பது, கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பது. எல்லாம் முடிந்த பிறகு மணப்பெண்ணை இன்னும் கொஞ்சம் வெளுக்கச் சொல்வார்கள். சில வருஷத்தில் அவளுக்குக் கை படிந்துவிட்டது. எங்கே தொட்டோம் என்று அவளுக்கே தெரியாத அளவுக்குச் செய்வாள். வேலை முடிந்து ஒரு முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு நிறைவு வரும். அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

பிறகு கீழ வீதியில் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த செந்தமிழ்செல்வன், ஆரம்பநிலைப் பிள்ளைகளுக்குப் போட்டோ எடிட்டிங் சொல்லித்தர அவளைக் கூப்பிட்டார். அவள் முகத்தைப் பார்த்து முதலில் தயங்கினார். வேறு ஆள் கிடைக்காததால் எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் அவள் முதலில் சொல்லித்தந்தது, அசல் படத்தில் கை வைக்காதே என்பதை. ஒரு நகல் எடு, அதன்மேல் வேலை செய். பிறகு வேண்டாத ஓரத்தை வெட்டுவது, வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது. பிள்ளைகள் நன்றாகத்தான் கற்றுக்கொண்டார்கள். தோலைச் சரிசெய்கிற பாடம் வந்த அன்று, இன்டர்நெட்டிலிருந்து எடுத்த ஒரு வெள்ளைக்காரி முகத்தைத் திரையில் போட்டாள். பின் வரிசையில் இருந்த அறிவழகன் என்கிற பையன் எழுந்தான்.

"மிஸ், இந்த மொகத்துல என்னா இருக்கு எடுக்க? உங்க மொகத்துல பண்ணிக் காமிங்களேன். அதுலதான் நெறைய வேல இருக்கு."

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். "சரி, பண்ணலாம்" என்றாள்.

வெப்கேமில் தன்னைத் தானே ஒரு படம் எடுத்துப் பெரிய திரையில் போட்டாள். ஊரே வெளுப்பாக்கச் சொல்லிக் கேட்கிற வேலையில், அவள் முகத்துக்கு மட்டும் கறுப்பு வேண்டியிருந்தது. கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்தாள். பக்கத்துத் தோலை வெட்டி ஒட்டினால் ஒட்டுத் தெரியும் என்று விளக்கினாள். வெளுத்த இடத்திலும் தோலின் வரியும் துளையும் இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டு, நிறத்தை மட்டும் தனி லேயரில், படத்தின்மேல் விரிக்கிற தனி அடுக்கில், மெல்லப் பூச வேண்டும் என்று பூசிக் காட்டினாள். உதட்டோரம் மறைந்தது. கண்ணைச் சுற்றி இருந்தது மறைந்தது. திரையில் மாநிறமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், லட்சணமாக. முன் வரிசைப் பெண் ஒருத்தி திரையைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அதே படத்தைத்தான் போட்டாள். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே எடுத்துப் போட்டுவிட்டால், பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது என்பது அவள் கணக்கு.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, பஸ்ஸிலிருந்து இறங்கிக் கீழ வீதிக்குத் திரும்பியவள், சென்டர் மாடியில் தன் முகம் தொங்குவதைப் பார்த்தாள். ஆள் உயரத்தை விடப் பெரிய பிளக்ஸ். இடது பக்கம் 'முன்பு', வலது பக்கம் 'பின்பு'. கீழே, 'ஒரே மாதத்தில் நீங்களும் செய்யலாம்'. படிக்கட்டு ஓரத்தில் வாழைப்பழம் விற்கிறவர் மேலே பார்த்துவிட்டு இவளைப் பார்த்தார். பிறகு தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

செந்தமிழ்செல்வன் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு வார்த்த கேட்டுருக்கலாமே."

"கேட்டா நீ வேணான்னுருப்ப."

"எல்லாரும் பாக்குறாங்க சார்."

"உன்னத் தெரிஞ்சவன் தெனமும்தான் பாக்குறான். தெரியாதவனுக்கு அது யாரோ ஒரு பொண்ணு. இதுல உனக்கு என்னா கொறஞ்சு போச்சு?" டம்ளரை வைத்தார். "வேல சுத்தமா இருக்கு லேகா. அதாம்மா போட்டேன்."

அவள் வேலையைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனாலோ என்னவோ, அவள் வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். அந்த மாதம் இரண்டு பேட்ச் நிரம்பியது.

சேதி புவனகிரிக்குப் போகத் தாமதமாகவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் செல்லில் எடுத்து வந்து பட்டம்மாளிடம் காட்டினான். அவள் கோபப்படுவாள் என்று சந்திரலேகா நினைத்தாள். பட்டம்மாள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்த மட்டும் தனியா வெட்டிப் பெருசாப் போட்டுக் குடுப்பியா?" என்றாள், வலது பக்கத்தைக் காட்டி. "வூட்டுல மாட்டணும்."

அவள் வெட்டி, பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துக் கொடுத்தாள். பட்டம்மாள் அதைச் செத்துப்போன புருஷன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் இது யார் என்று கேட்டால், எம் பொண்ணு என்பாள். பின்னாலேயே காபியோடு வருகிறவளைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள்.

கோடை தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறப்பு வகுப்புக்காக வந்தவளைச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் மறித்தாள். கறுப்பு பர்தா போட்டிருந்தாள். கூட எட்டு வயசுப் பெண் குழந்தை. குழந்தையின் மூக்கோரத்திலும் நெற்றியிலும் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து விரித்தாள்.

"ஏம்மா, இது நீங்கதான?"

முன்பு, பின்பு. அதே படம்தான். ஆனால் கீழே சென்டர் பேர் இல்லை. வெண்புள்ளி எண்ணெய், மூன்றே மாதத்தில் பூரண குணம், ஒவ்வொரு ஞாயிறும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இன்ன லாட்ஜில் வைத்தியர் பொன்னுரங்கம் என்று போட்டிருந்தது. பிளக்ஸைப் பார்த்த எவனோ செல்லில் எடுத்துக் கொண்டுபோயிருக்கிறான்.

அந்தப் பெண் ஃபஹீமா, லால்பேட்டை. புருஷன் குவைத்தில். குழந்தை நஜியா. ஃபஹீமா நோட்டீஸையும் சந்திரலேகாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாப் போயிருந்துச்சே. மறுபடி வந்துருச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போவவே இல்லம்மா. இது கம்ப்யூட்டர்ல பண்ணுனது. நாந்தான் பண்ணுனேன்."

ஃபஹீமாவுக்கு விளங்கவில்லை. கடலூர் பஸ் கிளம்பப்போவதாகக் கண்டக்டர் கத்தினான். குழந்தையை இழுத்துக்கொண்டு ஏறினாள். சந்திரலேகா கொஞ்சம் நின்றாள். பிறகு சென்டருக்குப் போன் பண்ணி வரமுடியாது என்று சொல்லிவிட்டு, அவளும் அதே பஸ்ஸில் ஏறினாள்.

பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டும்வரை வாயால் சொல்லிப் பார்த்தாள். ஃபஹீமா கேட்டுக்கொண்டு வந்தாள், ஆனால் கண் நோட்டீஸில் இருந்தது. கண்ணால் பார்த்தால் புரியும் என்று சந்திரலேகா செல்லை எடுத்தாள். தன்னை ஒரு படம் எடுத்து, செல்லில் இருந்த எடிட்டிங் ஆப்பில் போட்டு, அவள் கண்ணெதிரே விரலால் தடவினாள். விரல் போகிற இடத்தில் வெளுப்பு போனது.

"பாத்தீங்களா? இவ்ளோதான். எண்ணெயும் இல்ல, ஒன்னும் இல்ல."

ஃபஹீமா மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது.

"எம் புள்ளைக்கும் இப்புடியே போயிரும்ல" என்றாள்.

நடுவில் உட்கார்ந்திருந்த நஜியா எட்டிப் பார்த்தாள். "என்னயும் எடுங்க" என்றாள். சந்திரலேகா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குழந்தை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எடுத்தாள், தடவிக் கொடுத்தாள். குழந்தை செல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. கடலூர் வரும்வரை திருப்பித் தரவில்லை. திரை அணைந்தால் தொட்டு எழுப்பி மறுபடி பார்த்துக்கொண்டது.

லாட்ஜின் முதல் மாடி அறையில் பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணாடத்திலிருந்து வந்த கரும்பு விவசாயி ஒருவர், கல்யாண வயசுப் பெண்ணோடு வந்த தாய், சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்ட வாலிபன். பொன்னுரங்கம் வெள்ளை வேட்டியும் தங்க விளிம்புக் கண்ணாடியுமாக நாற்காலியில் இருந்தார். மரியாதையான ஆள். சந்திரலேகா உள்ளே நுழைந்ததும் அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாம்மா. இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா?"

"நான் உங்கள இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல" என்றாள் சந்திரலேகா. அறை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள். "இந்தப் படம் என்னோடது. கம்ப்யூட்டர்ல பண்ணுனது. யாரும் நம்பாதீங்க."

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்து வருத்தமான குரலில் பேசினார். "நல்லாப் பாத்துக்குங்க. நம்ம எண்ணெய் போட்டு முழுசா கொணமான பொண்ணு. பத்தியத்த வுட்டுச்சு, பாதியில நிறுத்திச்சு. இப்ப முன்னய வுட ஜாஸ்தியா வந்துருக்கு. வெக்கத்துல எம்மேல பழி போடுது. நான் கோவிச்சுக்க மாட்டேன். எம் பொண்ணு மாதிரி."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இதுவரை பட்ட பார்வைகளில் பயம் உண்டு, அருவருப்பு உண்டு. இது வேறு. தானே தப்புச் செய்து கெடுத்துக்கொண்டவளைப் பார்க்கிற பார்வை. கல்யாண வயசுப் பெண்ணின் தாய், "பாத்தியாடி, இதுக்குத்தான் சொல்றேன், மீனத் தொடாத" என்று மகளிடம் சொன்னாள். சந்திரலேகா ஃபஹீமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பஸ்ல காமிச்சேனேம்மா. உங்க கண்ணாலதான பாத்தீங்க?"

"உனக்குத் தங்கல. எங்களுக்குப் போயிருமேன்னு உனக்குப் பொறுக்கல" என்றாள் ஃபஹீமா. பஸ்ஸில் 'நீங்க' என்று பேசியவள் இப்போது 'நீ' என்றாள். இரண்டு பாட்டில் வாங்கினாள். காலையில் தடவி வெயிலில் நிற்க வேண்டும், எவ்வளவு வெயிலோ அவ்வளவு சீக்கிரம் குணம் என்று பொன்னுரங்கம் சொன்னதைக் குழந்தையையும் ஒருமுறை சொல்ல வைத்தாள்.

படியிறங்கும்போது பொன்னுரங்கம் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கலர் மேட்ச் பிரமாதம்மா. எங்க ஆளு பண்ணுனா அப்பிக்கிட்டுத் தெரியும். சின்னப் புள்ள மொகம் ஒன்னு வேண்டியிருக்கு. செஞ்சு குடுப்பியா?"

அவள் படியோரம் அடுக்கியிருந்த நோட்டீஸில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே எழுத்தர் நோட்டீஸை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கேலி செய்கிற ஆளில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். "இதுல எதும்மா ஒரிஜினல்?" அவள் தன் முகத்தைக் காட்டினாள். அவர் சங்கடப்பட்டு, புகாரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அதன்பிறகு எந்தச் சேதியும் வரவில்லை.

செந்தமிழ்செல்வனிடம் சொன்னபோது அவர் உடனே ஆள் ஏற்றி பிளக்ஸை அவிழ்த்தார். அவ்வளவு சீக்கிரம் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சுருட்டிய பிளக்ஸை மூலையில் சாய்த்துவிட்டு அவர் சொன்னார்:

"நீயும் கொஞ்ச நாள் வரவேணாம்மா. நாளைக்கு எவனாவது எண்ண போட்டு எரிஞ்சுபோயி வந்து நின்னா, மொகத்த வச்சு சென்டரக் கண்டுபுடிச்சுருவான்."

கொஞ்ச நாள் என்று அவர் சொன்னதை அவள் கொஞ்ச நாள் நம்பினாள். ஆனி மாதம் அவள் இடத்தில் வேறு ஒருத்தி பாடம் எடுக்கிறாள் என்று தெரிந்தது. சந்திரலேகாவின் படத்தைப் போட்டுத்தான் தோல் பாடம் எடுக்கிறாளாம். ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்ததே.

பிறகு பேருந்து நிலையம் பக்கத்தில் ராஜாமணி என்பவரின் ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து, பின்னணியை வெள்ளையாக்கி, அளவு வெட்டிக் கொடுப்பது. கடை வாசலில் மேசை. பள்ளிக்கூடம் திறந்த சமயமானதால் கூட்டம் நெரிந்தது.

ஃபஹீமா அங்கே வந்தாள். குழந்தைக்கு உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் போட்டோ வேண்டும். மேசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் நஜியாவை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவைத் தளர்த்தினாள். வெள்ளைப் புள்ளிகள் இருந்த இடமெல்லாம் வெந்து, கொப்புளம் உடைந்து, சில இடம் கரிந்து, சில இடம் சிவந்து ஈரமாக இருந்தது. ஒரு கண்ணிமை முழுதாகத் திறக்கவில்லை.

சந்திரலேகாவின் கை கேமராமேல் அப்படியே நின்றது. அப்போதுதான் ஃபஹீமா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயா" என்றாள். கத்தவில்லை. "உம் மொகத்தப் பாத்துதான் வாங்குனேன்."

"நான் அப்பவே சொன்னேனேம்மா."

"வாயால ஒன்னு சொன்ன. படத்துல ஒன்னு காமிச்ச. நான் எத நம்புறது?" இப்போது குரல் ஏறியது. "ரெண்டும் நீ பண்ணுனதுதான. ரெண்டும் உன் கைதான."

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. வெந்த முகத்தோடு ஒரு குழந்தை, அழுகிற ஒரு தாய், வெளுத்த முகத்தோடு ஒருத்தி. அவரவர் ஒரு கதையை முடிவு செய்துகொண்டார்கள். ஒருவன் செல்லைத் தூக்கிப் பிடித்தான்.

"இன்னுமா அதப் போடுறீங்க?" என்று கேட்டாள் சந்திரலேகா.

"ரெண்டாவது பாட்டில்ல பாதி இருக்கு. வெயில் இல்லாத நேரமாப் பாத்துப் போடுறோம்."

"அதக் கீழ ஊத்திருங்கம்மா. பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டர் இருக்காங்க, அங்க..."

"அங்க போயி நீ ஏன் சரியாவல?"

சந்திரலேகா கேமராவைக் கையில் எடுத்தாள்.

நஜியா ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா" என்றாள் சின்னக் குரலில், "பஸ்ல பண்ணுனீங்கல்ல. அது மாதிரி பண்ணுங்க."

"இது ஆபீஸுக்குக் குடுக்குறதுமா. அப்புடி பண்ணக் கூடாது."

"இருக்குறபடியே எடு" என்றாள் ஃபஹீமா. "அவ பாத்துப் பழவட்டும்."

குழந்தை அழுதது. உப்புக் கண்ணீர் புண்ணில் பட்டு இன்னும் அழுதது. படம் ஆடிப்போனது. மறுபடி எடுக்க வேண்டியிருந்தது, மறுபடியும். மூன்றாவதில் அழக்கூட முடியாமல் ஓய்ந்துபோய்க் கேமராவைப் பார்த்தாள். சந்திரலேகா பின்னணியை வெள்ளையாக்கினாள். ஓரங்களை வெட்டினாள். முகத்தில் கை வைக்கவில்லை. பெரிதாக்காமலேயே பிரிண்ட் கொடுத்தாள். ஃபஹீமா உறைக்குக் காத்திராமல் அட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, குழந்தையை முன்னால் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில் ராஜாமணி பக்கத்தில் வந்து நின்றார். குரலில் இரக்கம்தான் இருந்தது.

"நீ உள்ள உக்காந்துக்கம்மா. எடுக்குறத வேற ஆளு எடுக்கட்டும். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

மறுநாள் அவள் வந்தபோது மேசை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போயிருந்தது. நடுவில் அட்டைப் பலகை அடித்திருந்தார்கள். வெளியே எடுக்கிற படங்கள் கேபிள் வழியாக அவள் திரைக்கு வந்தன. வரவர ஒவ்வொன்றாக வெட்டி, வெள்ளையாக்கி அனுப்பினாள். பலகைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, நல்லா வந்துருக்கு, யாரு பண்ணுனது என்று கேட்டார்.

"மெஷின்தான் சார்" என்றார் ராஜாமணி.